மேட்டிலிருந்து இறங்கி நட

மேற்படிப்புக்கு நியூயார்க் போகிற தம்பி ஒருவன் போன மாதம் நான் வேலை பார்க்கும் கிளைக்கு வந்திருந்தான். எங்கள் பக்கத்துக் காலனிப் பையன். விடுதியில் தங்கிப் படித்து, உதவித்தொகைக்கு நடையாய் நடந்து மேலே வந்தவன். டோக்கன் நம்பர் வரும் வரைக்கும் நின்றுகொண்டிருந்தவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து கவுண்டருக்குள் நீட்டினான். "அண்ணே, ஒரு நாள் ஹார்லெம் சுத்திப் பாக்கப் போறேன். இந்தத் திட்டம் சரியா இருக்கா பாருங்க."

தாளில் இருந்தது இதுதான்: ஞாயிறு காலை சுற்றுலாப் பேருந்து. ஒரு தேவாலயத்தில் கறுப்பர்கள் பாடுகிற பாட்டைக் கேட்பது. மதியம் வறுத்த கோழி. அப்பல்லோ அரங்கின் வாசலில் போட்டோ. மூன்று மணிக்குத் திரும்ப பஸ் ஏறிவிடலாம்.

"இதுல ஹார்லெம் எங்கடா இருக்கு?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல. அவனுக்குப் பின்னால் நகைக்கடனுக்கு நின்ற அம்மா திடுக்கிட்டுப் பார்த்தார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஹார்லெமுக்குப் போனதில்லை. என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. கல்லூரிக் காலத்தில் பழைய சிறுபத்திரிகைகளில் கறுப்பிலக்கிய மொழிபெயர்ப்புகளைப் படித்த நாளிலிருந்து அந்தத் தெருக்களின் எண்கள் மட்டும் மனப்பாடம். போகாதவன் வழி சொல்லலாமா என்று கேட்பீர்கள். சேரிக்குள்ள காலே வைக்காதவன் சேரியைப் பத்தி முந்நூறு பக்கம் எழுதி முனைவர் பட்டம் வாங்குகிற நாட்டில், நான் மூணு மைலுக்கு வழி சொன்னால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

தாளைத் திருப்பிப் போட்டு பின்பக்கத்தில் வேறொரு வழி எழுதிக் கொடுத்தேன். அதற்கு நான் சொன்ன காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் ஒரு ஊரை எந்தப் பக்கமிருந்து நுழைந்து பார்க்கிறோம், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதெல்லாம் வெறும் நேர மேலாண்மை இல்லை. அதற்குள் அரசியல் இருக்கிறது தோழர்களே. ஊரைச் சுற்றிக் காட்டுகிறவன் தெற்குத் தெருவைக் காட்டாமல் தேரடியை மட்டும் காட்டிவிட்டு அனுப்புவதை நாம் பார்த்ததில்லையா?

*

ஹார்லெமுக்கு ஹார்லெமில் தொடங்காதே என்றேன் தம்பியிடம். 1ஆம் எண் ரயிலில் வந்து 116ஆம் தெருவில் இறங்கு. அது ஹார்லெம் இல்லை. அதற்கு மேற்கே மேட்டு நிலம், பேர் மார்னிங்சைட் ஹைட்ஸ். அங்கேதான் கொலம்பியா பல்கலைக்கழகம். 1913 ஜூலையில், பரோடா மன்னரின் உதவித்தொகையோடு, 22 வயது பீமராவ் வந்து சேர்ந்த இடம். முதல் சில நாட்கள் ஹார்ட்லி ஹால் என்ற விடுதி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. அங்கிருந்து 114ஆம் தெருவில் இந்திய மாணவர்கள் சிலர் தங்கியிருந்த காஸ்மாபாலிட்டன் கிளப். கடைசியில் நவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு லிவிங்ஸ்டன் ஹால். 1915ல் எம்.ஏ. 1916 மே 9ஆம் தேதி, பேராசிரியர் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தார். அப்போது வயது 25. அந்தக் கட்டுரை இங்கே எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்தது என்பது நமக்குத் தெரியும்.

இனி இன்னொருத்தர். 1921ல் அதே ஹார்ட்லி ஹால் விடுதிக்கு ஒரு கறுப்பின இளைஞர் வருகிறார். தபாலில் எழுதி இடம் உறுதி செய்துவிட்டு வந்தவர். ஆளை நேரில் பார்த்ததும் விடுதிக்காரர்களுக்கு முகம் மாறிவிட்டது. தோல் கறுப்பு. ஏதோ வேண்டாவெறுப்பாக அறை கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அவர் அங்கே இருக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டு மேட்டை விட்டு இறங்கிவிட்டார். அவர்தான் லாங்ஸ்டன் ஹியூஸ்.

ஒரே விடுதி. எட்டு வருஷ இடைவெளி. ஐந்து வருஷ அயல்நாட்டு வாழ்க்கை, தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே தன்னிடமிருந்து துடைத்துவிட்டது என்று அண்ணல் பின்னால் எழுதினார். சாதி தெரியாத ஊரில் அவர் தலைநிமிர்ந்து நடந்தார். அதே வாசற்படியில், அந்த ஊரின் தீண்டத்தகாதவன் வந்து நின்றபோது கதவு சிக்கிக்கொண்டது. நம் ஆட்கள் சிலர் "வெளிநாடு போனா எல்லாம் சரியாயிடும்" என்று பேசும்போதெல்லாம் எனக்கு இந்த விடுதி ஞாபகம் வரும். தம்பி, நீ போகிற ஊரில் உன்னை யாரும் தெரு கேட்கமாட்டார்கள். யாரைக் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. திரும்பி வந்து மேடையில் ஏறி, பாபாசாகேப் ஹார்லெம் தெருக்களில் அதைக் கண்டார், இதைக் கண்டார், கண்ணீர் விட்டார் என்றெல்லாம் கதை விடாதே. அவர் அங்கே இருந்த 1913லிருந்து 1916 வரைக்கும், கறுப்பர்கள் 135ஆம் தெருவைச் சுற்றித்தான் குடியேறிக்கொண்டிருந்தார்கள். இன்று போட்டோவில் நாம் பார்க்கும் 125ஆம் தெரு அன்றைக்கு வெள்ளைக்காரர் கடைவீதி. உண்மையே போதும் அளவுக்கு இருக்கும்போது ஜோடனை எதற்கு?

பல்கலைக்கழகத்தின் லேமன் நூலகத்தில் அவருடைய வெண்கல மார்பளவுச் சிலை இருக்கிறது. 1991ல் இங்கிலாந்திலுள்ள அம்பேத்கரிய, பௌத்த அமைப்புகளின் கூட்டமைப்பு கொடுத்தது. பார்க்க ஆசைப்பட்டால் முன்னாடியே எழுதிக் கேள். 2024 மாணவர் போராட்டங்களுக்குப் பிறகு வளாகத்தின் வாசல்களில் அடையாள அட்டை கேட்க ஆரம்பித்தார்கள். உள்ளே விடவில்லை என்றாலும் நஷ்டமில்லை. சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று பார்ப்பதும் ஒரு பார்வைதான், நமக்குப் பழக்கமானதுதான்.

*

116ஆம் தெருவின் கிழக்கு முனையில் நிலம் சட்டென்று முடிந்துவிடும். பாறைச் சரிவு. சரிவில் மார்னிங்சைட் பூங்கா. கீழே ஹார்லெம். மேட்டில் படித்தவர்கள், பள்ளத்தில் மற்றவர்கள். வரைபடத்தில் இதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஊரும் சேரியும் எப்படி இருக்கும் என்று பூமியே பார்த்துக் கட்டிவைத்த மாதிரி.

அந்தப் படிக்கட்டில் நிதானமாக இறங்கு. பாதியில் உட்கார்ந்து கொஞ்சம் 1968ஐ நினைத்துக்கொள். பல்கலைக்கழகம் இந்தப் பொதுப் பூங்காவின் சரிவில் ஒரு உடற்பயிற்சிக் கூடம் கட்ட வந்தது. மேலே, மேட்டுப் பக்கத்தில், மாணவர்களுக்கு வாசல். கீழே, பள்ளத்துப் பக்கத்தில், ஹார்லெம் மக்களுக்கு வாசல். அதிலும் கட்டடத்தில் ஒரு சின்னப் பங்குதான் அவர்களுக்கு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்த பிரிவினைச் சட்டங்களுக்கு 'ஜிம் க்ரோ' என்று பேர். உடற்பயிற்சிக் கூடத்துக்கும் பேர் ஜிம். பையன்கள் இரண்டையும் ஒட்டவைத்துத் தட்டி எழுதினார்கள். ரெட்டை டம்ளர் தெரிந்த நமக்கு ரெட்டை வாசல் புரிய அகராதி வேண்டாம்.

அந்த ஏப்ரலில் மாணவர்கள் கட்டடங்களைக் கைப்பற்றினார்கள். கறுப்பின மாணவர்கள் ஹாமில்டன் ஹாலைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, வெள்ளை மாணவர்களை நீங்கள் போய் வேறு கட்டடம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். தோழமை வேறு, தலைமை வேறு என்று தெரிந்தவர்கள். போலீஸ் வந்து ஏறக்குறைய 700 பேரைக் கைது செய்தது. ஆனால் கூடம் கட்டப்படவில்லை. பாறையை வெடிவைத்துத் தோண்டிய குழி மட்டும் வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தது. பிறகு அதைக் குளமாக்கி ஒரு அருவியும் விட்டார்கள். இன்று அங்கே வாத்து நீந்துகிறது, பிள்ளைகள் பொரி போடுகிறார்கள். சுற்றுலாக் கையேடு "அழகிய குளம்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறது. ஒரு போராட்டம் வெட்டிய குளம் அது தம்பி, நின்று பார்த்துவிட்டுப் போ.

மேடு அத்தோடு ஓய்ந்ததா என்றால் இல்லை. அதே பல்கலைக்கழகம் வடக்கே 125ஆம் தெருவுக்கும் 133ஆம் தெருவுக்கும் இடையில் மான்ஹாட்டன்வில் என்ற பகுதியில் புது வளாகம் கட்டத் திட்டம் போட்டது. 2007ல் நகரசபை ஒப்புதல். இடத்தைக் கொடுக்க மறுத்தவர்களிடமிருந்து நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று 2010ல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது.

*

பூங்காவிலிருந்து வெளியே வந்து ஃபிரெடரிக் டக்ளஸ் சாலையில் வடக்கே நட. அடிமையாகப் பிறந்து தப்பியோடி எழுத்தாளரானவர் பேரில் சாலை. 122ஆம் தெரு முக்கோணத்தில் ஹாரியட் டப்மன் நிற்கிறார். 2008ல் வைத்த சிலை, செய்தவர் ஆலிசன் சார் என்ற கறுப்பினப் பெண். தான் தப்பியதோடு நிற்காமல் திரும்பத் திரும்பத் தெற்கே போய் சுமார் 70 பேரைக் கூட்டி வந்தவர் டப்மன். பாவாடையில், அவர் கூட்டி வந்தவர்களின் முகங்கள். பின்னால் பிடுங்கப்பட்ட வேர்கள். சிலை தெற்கே பார்த்து நிற்கிறது. விடுதலை வடக்கேதானே, ஏன் தெற்கே பார்க்கிறார் என்று அக்கம்பக்கத்தார் சண்டை பிடித்தார்கள், திருப்பி வைக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். மிச்சமிருக்கிறவர்களைக் கூட்டிவரத்தான் அந்தப் பக்கம் போகிறார் என்பது சிற்பியின் கட்சி. நான் சிற்பியின் பக்கம். ஆனால் சிலை எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று ஒரு தெருவே கூடி வாதம் செய்ததைப் படித்தபோது பொறாமையாக இருந்தது. நம் ஊரில் அண்ணல் சிலைக்குக் கம்பிக்கூண்டு போட்டுவிட்டு, பூட்டுச் சாவி யாரிடம் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

125ஆம் தெரு. இங்கேதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நீ பாதி தூரம் வந்துவிட்டாய். அப்பல்லோ அரங்கை எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால் போதும். 1914ல் வெள்ளையர் மட்டும் பார்க்கும் அரங்காகத் திறந்தது, 1934லிருந்துதான் கறுப்பர்களுக்கு. அதே 1934ல் அதே தெருவில் ப்ளூம்ஸ்டைன் என்ற பெரிய ஜவுளிக்கடை. வாங்குகிறவர்கள் கறுப்பர்கள், விற்பனைப் பெண்கள் எல்லாம் வெள்ளை. வேலை தராத கடையில் சாமான் வாங்காதே என்று மறியல் நடந்தது. கடைக்காரர் இறங்கி வந்தார். கறுப்பினப் பெண்களை எடுக்கிறேன் என்று, தோல் கொஞ்சம் வெளுப்பாக இருந்தவர்களாகப் பார்த்து எடுத்ததில் மறுபடி தகராறு. இட ஒதுக்கீடு வந்த பிறகும் "நம்ம மாதிரியே இருக்கிற" ஆளைத் தேடுகிற நேர்முகத் தேர்வுகளை நாம் பார்த்தவர்கள்தானே.

எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு இடத்தையும் எழுதிக் கொடுத்தேன். மேற்கு 125ஆம் தெரு, 275ஆம் எண். அங்கே ஃப்ரீடம் நேஷனல் பேங்க் இருந்தது. 1964ல் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் தலைவராக இருந்து தொடங்கிய கறுப்பர்களின் வங்கி. ஏன் தேவைப்பட்டது? 1930களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்கு வண்ண வரைபடம் போட்டது. நல்ல இடத்துக்குப் பச்சை, ஆபத்தான இடத்துக்குச் சிவப்பு. ஹார்லெம் சிவப்பு. சிவப்பில் இருப்பவனுக்குக் கடன் கிடையாது; கடன் இல்லாததால் கூரை ஒழுகும்; கூரை ஒழுகுவதால் அது ஆபத்தான இடம். என்ன அருமையான தர்க்கம்! நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அதிகாரி, விலாசத்தில் காலனி என்று இருந்தால் விண்ணப்பத்தின் மூலையில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். என்ன சார் அது என்று கேட்டதற்கு, "ஃபீல்டு வெரிஃபிகேஷன் கொஞ்சம் கவனமா பண்ணணும்ல" என்றார். என் விலாசமும் அப்படித்தான் என்பது அவருக்குத் தெரியாது. ரப்பர் வைத்து நான் அழித்த புள்ளிகளுக்குக் கணக்கில்லை.

அந்த வங்கி 1990 நவம்பரில் மூடப்பட்டது. காப்பீட்டு வரம்புக்கு மேல் பணம் போட்டிருந்த தேவாலயங்களும் அமைப்புகளும் பணத்தை இழந்தன. இரண்டு மாதம் கழித்து பேங்க் ஆஃப் நியூ இங்கிலாந்து என்ற பெரிய வங்கி விழுந்தபோது, வரம்புக்கு மேல் இருந்தவர்களுக்கும் சேர்த்து முழுப்பணத்துக்கும் அரசு பொறுப்பேற்றது. பெரிய வங்கி விழுந்தால் நாடு விழுந்துவிடுமாம். கறுப்பர் வங்கி விழுந்தால் ஹார்லெம்தானே விழும்.

தெருக்கோடியில் வெள்ளையாய் உயர்ந்து நிற்பது பழைய தெரசா ஓட்டல். அம்பேத்கர் வந்த அதே 1913ல் கட்டி முடித்தது. 1940 வரைக்கும் கறுப்பர்களுக்கு அறை கிடையாது. 1960 செப்டம்பரில் ஐ.நா.வுக்கு வந்த ஃபிடல் காஸ்ட்ரோ நடு நகரத்து ஓட்டலோடு சண்டை போட்டுவிட்டு இங்கே வந்து தங்கினார். குருஷேவ் வந்து பார்த்தார், நேரு வந்து பார்த்தார், மால்கம் எக்ஸ் வந்தார். 1964ல் மால்கம் தன் அமைப்பின் அலுவலகத்தை இதே கட்டடத்தில் வைத்தார். எதிரே அரசு அலுவலகக் கோபுரம் எழும்பும் இடத்தில் முன்பு லூயிஸ் மிஷோ என்பவரின் புத்தகக்கடை இருந்தது. கறுப்பர்களைப் பற்றிய புத்தகங்களுக்கென்றே கடை. வாசலில் கூட்டம் போட்டு மால்கம் பேசுவார். கோபுரம் கட்டுவதற்காகக் கடையைக் காலி செய்ய வைத்தார்கள். 1970களில் கடையே மூடிவிட்டது.

சாப்பாடு. லெனாக்ஸ் அவென்யூவில், இப்போது மால்கம் எக்ஸ் பேரும் அதற்கு உண்டு, சில்வியா வுட்ஸ் என்ற பெண் 1962ல் தொடங்கிய கடை பேர்போனது. காசு இடித்தால் பக்கத்தில் சின்னக் கடை எதிலாவது சாப்பிடு. என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்து சாப்பிட்டால் போதும். 'ஆன்மாவின் உணவு' என்று இன்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதில் பன்றிக்கால், குடல், கழுத்தெலும்பு, கீரைத்தண்டு எல்லாம் உண்டு. பண்ணையார் வேண்டாம் என்று தள்ளியதை அடிமைகள் ருசியாக்கிய சமையல். அந்தச் சாப்பாட்டுக்கு அவர்கள் போர்டு மாட்டினார்கள். நம்ம வீட்டுக் குடல் குழம்பை ஆபீசுக்கு எடுத்துப்போக இன்றைக்கும் டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி திறந்துதான் சாப்பிடுகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சாப்பிட்ட கையோடு கிழக்கு 127ஆம் தெருவில் 20ஆம் எண் வீட்டைப் பார்த்துவிட்டு வா. மேட்டு விடுதியை விட்டு இறங்கிய ஹியூஸ் கடைசி இருபது வருஷம் இருந்த வீடு.

*

இப்போது நான் சொல்ல வந்த இடம். லெனாக்ஸும் 135ஆம் தெருவும் சேருமிடத்தில் ஷோம்பர்க் மையம். இந்த இடத்துக்கு உன் நாளில் பாதியைக் கொடு என்றேன். தம்பி, "லைப்ரரிக்கா அண்ணே?" என்று முகத்தைச் சுருக்கினான்.

ஆமாம், லைப்ரரிக்குத்தான். ஆர்துரோ ஷோம்பர்க் 1874ல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். சின்ன வயசில் ஒரு ஆசிரியர், கறுப்பர்களுக்கு வரலாறு கிடையாது, நாயகர்கள் கிடையாது என்று சொன்னாராம். அந்த ஒரு சொல் உள்ளே தைத்துவிட்டது. 1891ல் நியூயார்க் வந்தார். 1906லிருந்து 1929 வரை என்ன வேலை பார்த்தார் தெரியுமா? வால் ஸ்ட்ரீட்டில் ஒரு வங்கியில், தபால் பிரிவில் குமாஸ்தா. வங்கி குமாஸ்தா! நான் இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை.

பகலில் தபால் பிரித்தார். மிச்ச நேரமெல்லாம் பழைய புத்தகக் கடைகள், ஏலங்கள். கறுப்பர் எழுதியது, கறுப்பரைப் பற்றியது, எதுவாக இருந்தாலும் வாங்கினார். கவிதை, துண்டுப் பிரசுரம், கடிதம், படம். 1926ல் கார்னெகி அறக்கட்டளை கொடுத்த 10,000 டாலரில் அந்தச் சேகரிப்பை நியூயார்க் பொது நூலகம் வாங்கி 135ஆம் தெருக் கிளையில் வைத்தது. 5,000 புத்தகங்கள், 3,000 கையெழுத்துப் பிரதிகள், 2,000 படங்கள், அதுபோக ஆயிரக்கணக்கில் பிரசுரங்கள். கிடைத்த காசில் வீடு கட்டவில்லை மனுசன். ஐரோப்பாவுக்குக் கப்பலேறிப் போய் இன்னும் தேடினார். 1932லிருந்து 1938ல் சாகும் வரைக்கும் அந்தச் சேகரிப்பைத் தானே பார்த்துக்கொண்டார். இன்று அங்கே 1 கோடியே 10 லட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள்.

வரலாறு இல்லை என்று சொன்னவனுக்கு அவர் மேடையில் பதில் சொல்லவில்லை. அடுக்கி வைத்துக் காட்டினார். அந்தக் கிளைக்கு யார் யார் வந்து படித்தார்கள்? எதிரே ஹார்லெம் ஆஸ்பத்திரியில் 1924ல் பிறந்த ஜேம்ஸ் பால்ட்வின். எழுத்துக்கூட்டக் கற்றுக்கொள்ளும் வயசில் ஆட்ரி லார்ட்.

ஹியூஸ் இங்கேதான் இருக்கிறார். உவமையாகச் சொல்லவில்லை. 1967ல் இறந்தவரின் அஸ்தியை 1991ல் இந்தக் கட்டடத்தின் தரைக்குள் வைத்து, மேலே நதிகள் ஓடுகிற ஒரு வட்டச் சித்திரத்தைப் பதித்திருக்கிறார்கள். திறந்த அன்று மாயா ஆஞ்சலோவும் அமிரி பராக்காவும் அதன் மேலேயே நடனமாடினார்கள். ஒரு கவிஞனை நூலகத்துத் தரையில் புதைப்பது, அவன் மேலே நின்று ஆடுவது! நம்மில் யாருக்கும் எரிப்பதா புதைப்பதா என்கிற சண்டையும், சுடுகாட்டுக்குப் பாதை விடமாட்டேன் என்கிற சண்டையும்தான் முடியாமல் கிடக்கிறது.

இன்னொன்று சிறுபத்திரிகைக்காரர்களுக்கு. 1926ல் ஹியூஸ், ஸோரா நீல் ஹர்ஸ்டன், வாலஸ் தர்மன் முதலான இளசுகள் சேர்ந்து 'ஃபயர்' என்று ஒரு இதழ் கொண்டுவந்தார்கள். பேர் 'தீ'. சொந்தக் கறுப்பின மேட்டுக்குடிக்கே அது பிடிக்கவில்லை, அசிங்கம் என்றது. ஒரே இதழோடு நின்றது. விற்காத பிரதிகள் வைத்திருந்த இடத்தில் நிஜமாகவே தீப்பிடித்து எரிந்துபோயின. தர்மன் அச்சுக்கூலியை வருஷக்கணக்கில் அடைத்தார். இதைப் படிக்கிற நம் பத்திரிகையாசிரியர்கள் யாரும் சிரிக்கமாட்டார்கள். அந்த ஒற்றை இதழ் இன்று நம் கைக்கு எட்டுகிறதென்றால் நாலு பேர் ஒரு பிரதியை எடுத்து வைத்தார்கள், அவ்வளவுதான். 1946ல் அம்பேத்கர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதமும் அப்படித்தான். ஐ.நா.வுக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டு எழுதியது. அது இன்று மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டு பாய்ஸின் தாள்களுக்கு நடுவில் இருக்கிறது. பெறுகிறவன் எடுத்து வைத்தான், நமக்குக் கிடைத்தது. 1917ல் லண்டனிலிருந்து திரும்பும்போது அண்ணலின் பெட்டிகள் ஏறிய கப்பல் போரில் தாக்கப்பட்டு மூழ்கியது. அந்தப் புத்தகங்கள் போனது போனதுதான்.

இங்கே நம் கதை என்ன? 90களில் வந்த நம் இதழ்களில் முழு வரிசை எத்தனை பேரிடம் இருக்கிறது? ஒரு தோழர் இறந்த பிறகு அவர் வீட்டுப் பரணிலிருந்து இரண்டு சாக்கு இதழ்களைப் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டிருந்தார்கள். அந்த வீட்டம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒழுகுகிற வீட்டில் அவர் எதை எங்கே வைப்பார்? கடைக்காரனிடம் ஓடியபோது பாதி சாக்கு மிச்சம் இருந்தது. கரையான் தட்டி எடுத்து வந்தேன். வங்கியில் கழித்துக்கட்டிய பழைய லெட்ஜர் ஒன்றைக் கேட்டு வாங்கி, பற்று வரவுக் கட்டத்தில் இதழ் பேர், மாதம், பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் தம்பியிடம் சொன்னேன்: ஷோம்பர்க்கில் துண்டுப் பிரசுரங்களை எந்த உறையில் வைக்கிறார்கள், எப்படி எண் போடுகிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுது. ஆவணப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொள். முக்கியமாக, ஞாயிறு போகாதே. ஞாயிறு நூலகம் மூடியிருக்கும். சுற்றுலாப் பேருந்து ஹார்லெமுக்கு ஞாயிறு போவதும், ஹார்லெமின் ஞாபகம் அன்றைக்குப் பூட்டிக் கிடப்பதும் எனக்கு ஏதோ ஒத்திகை பார்த்த மாதிரிதான் படுகிறது.

*

அதற்குப் பிறகு வெளிச்சம் இருந்தால் சிலதைப் பார்க்கலாம். ஆஸ்பத்திரியின் கண்ணாடி முகப்பில் பெரிதாக்கி வைத்திருக்கும் சுவரோவியங்கள் 1936ன் கறுப்பின ஓவியர்கள் வரைந்தவை. கறுப்பர்கள் அதிகமாக இருக்கிறார்கள் என்று அன்றைய ஆஸ்பத்திரி நிர்வாகம் சில ஓவியங்களை வேண்டாம் என்றது. கறுப்பர் பகுதி ஆஸ்பத்திரியில் கறுப்பர் படம் அதிகமாம்.

138ஆம் தெருவில் அபிசீனியன் பாப்டிஸ்ட் தேவாலயம், 1923ல் கட்டியது. இதன் போதகர் ஆடம் கிளேட்டன் பவல்தான் 125ஆம் தெருக் கடைகளில் வேலை கேட்டு மறியல் நடத்தி, பிறகு நாடாளுமன்றம் போனவர். ஞாயிறு காலை இதன் வாசலில் சுற்றுலாக்காரர்களின் வரிசை பேர்போனது. பிரசங்கத்துக்கு முன்னால் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள் என்பது தேவாலயங்களின் பழைய புகார். பாட்டு வேண்டும், பேச்சு வேண்டாம். கொஞ்சம் வடக்கே, லெனாக்ஸில் 142ஆம் தெருவில் 1923லிருந்து 1936 வரை காட்டன் கிளப் இருந்தது. ஆடுகிறவர், பாடுகிறவர், பரிமாறுகிறவர் எல்லாம் கறுப்பர். மேசையில் உட்காருகிறவர் வெள்ளையர் மட்டும். பறையடிக்கக் கூப்பிட்டு, பந்தலுக்கு வெளியே நிற்க வைத்த கதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனால் தம்பி, தேவாலயத்துக்குள் போனால் கடைசி வரைக்கும் உட்காரு, காணிக்கை போடு, கேமராவைப் பைக்குள் வை. இல்லையென்றால் போகாதே.

அங்கிருந்து மேற்கே இரண்டு நிமிஷத்தில் 138, 139ஆம் தெருக்களில் அழகான வீட்டு வரிசை. 1891லிருந்து 1893க்குள் கட்டியது. வீடுகள் காலியாகக் கிடந்தபோதும், சொந்தக்காரரான காப்பீட்டு நிறுவனம் 1919 வரைக்கும் கறுப்பர்களுக்கு விற்கவில்லை. விற்ற பிறகு டாக்டர்களும் வக்கீல்களும் இசைக்கலைஞர்களும் வந்தார்கள். முன்னேறத் துடிக்கிறவர்கள் தெரு என்று பேராகிவிட்டது. அதில் பாதி பெருமை, பாதி கேலி. நம்மில் வேலை கிடைத்ததும் நகருக்குள் வீடு பார்த்துப் போனவர்களைக் காலனியில் என்ன சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள். நானும் போனவன்தான், வாடகை வீட்டுக்காரரிடம் "நீங்க எந்தப் பக்கம்?" என்ற கேள்விக்கு மூன்று தெருவில் பதில் சொல்லியிருக்கிறேன். வீட்டு வரிசையின் பின்சந்துக் கதவுத் தூணில் "குதிரையை நடத்திக்கொண்டு போ" என்ற பழைய எழுத்து இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ரயில் ஏறு.

டு பாய்ஸ் குடியிருந்த எட்ஜ்கோம்ப் அவென்யூ வீடு இன்னும் மேலே, 155ஆம் தெருப் பக்கம். மால்கம் எக்ஸ் பேசிய பள்ளிவாசல் தெற்கே, 116ஆம் தெருவில். ஒரே நாளில் முடியாது. முடிக்கவும் பார்க்காதே. இருபது தெரு ஒரு மைல் என்று கணக்கு வைத்துக்கொண்டால் நான் சொன்ன வழி மூணு மைலுக்குள்தான் வரும்.

நேற்று தம்பி போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமையைச் சனிக்கிழமையாக மாற்றிவிட்டானாம், பேருந்தை விட்டுவிட்டானாம். நடக்கிறதுக்குப் புதுசா ஷூ வாங்கட்டுமா என்று கேட்டான். பழசையே போட்டுக்கோடா, புதுசு கடிக்கும் என்றேன்.